ரத்தம் குடிக்காதது

சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஆறிப்போனால் அசையாது, அசையாவிட்டால் அதன் குணம் தெரியாது, மனுசனுக்கும் அப்படித்தான், ஆடி அடங்கிய பிறகு எல்லோரும் நல்லவர்கள். எப்சிபா கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, டப்பாவைத் திறந்து, ஈர்க்குச்சி முனையில் தொட்டெடுத்ததை அதில் குழப்பி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மைக்ராஸ்கோப்பில் செருகிக் குனிந்தாள். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடத்தில் மூக்கு செத்துப்போயிருந்தது, அல்லது செத்ததுபோல நடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. வெளியே வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் நாரோயில் நாரோயில் என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் வெயில் வந்து லேப் வாசலில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே பெஞ்சில் இன்னொருத்தி அதைவிடச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறாள். புருசன் ஐசக்கின் அக்கா, மைனி ஞானப்பூ. டப்பாவை நாலு பிளாஸ்டிக் கவரில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டி, மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைக்கவில்லை, தரையில் வைத்துச் செருப்புக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். "எடுத்துக்கோட்டி. உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள். தன் வயிற்றிலிருந்து வந்ததைத் தானே தொட மாட்டாளாம், என்ன மகாராணி. ஆனால் மகாராணிக்கு இன்றைக்கு ஒரு காகிதம் வேண்டும். பெண்கள் விடுதியில் சமையல் வேலை, தங்க இடம், மூன்று வேளை சோறு. சமைக்கிறவள் வயிற்றில் தொற்றுக் கிருமி இல்லை என்று பன்னிரண்டு மணிக்குள் வார்டன் கையில் காகிதம் போகவேண்டும், போகாவிட்டால் வேலை நாசரேத்துக்காரி ஒருத்திக்கு. அந்தக் காகிதத்தை எழுதுகிறவள் எப்சிபா. கர்த்தர் சில காலை நேரங்களை மிகவும் அக்கறையோடு செய்கிறார்.

மைனியின் புருசன் செத்து மூன்று வருடம் ஆகிறது. பீடி சுற்றிச் சுற்றி மைனியின் நெஞ்சுக்குள் புகையிலைத் தூள் ஏறி, இருமினால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும், இதோ இப்போதும் இருமுகிறாள். வாடகை வீட்டுக்காரன் இந்த மாதக் கடைசியோடு காலி செய்யச் சொல்லிவிட்டான். வேலை கிடைக்காவிட்டால் வேறெங்கே போவாள், தம்பி வீட்டுக்குத்தான் வருவாள், அதாவது எப்சிபா வீட்டுக்கு. அதை நினைத்தபோது கை மைக்ராஸ்கோப்பின் குமிழில் நின்றது. வேண்டாம், வேலை கிடைத்துத் தொலையட்டும், போய்ச் சேரட்டும். குமிழ் மறுபடியும் திரும்பியது. அரிசித் தோல், மிளகாய் விதையின் ஓடு, மீன் செதிலோ என்னமோ, எல்லோர் வயிற்றிலும் இருக்கிற குப்பைதான், மைனி வயிற்றில் மட்டும் மல்லிகைப்பூவா இருக்கும். அப்போது அது வந்தது. கண்ணாடிக்கு உயிர் வந்து உருகி நடந்தால் எப்படியிருக்கும், அப்படி. உடம்பில் ஒரு பக்கம் மெதுவாகப் பிதுங்கியது, பிதுங்கிய இடம் காலாயிற்று, மிச்ச உடம்பு முழுக்க அந்தக் காலுக்குள் வழிந்துபோனது. எப்சிபாவுக்கு நெஞ்சு திக்கென்றது. பயத்தில் அல்ல. வெட்கமில்லாமல் சொன்னால் சந்தோஷத்தில். அமீபா! ஊருக்கெல்லாம் சுத்தம் படித்துக் கொடுக்கிற மைனியின் குடலுக்குள் அமீபா. இருந்த இடத்திலேயே கையைத் தட்டலாம்போல இருந்தது. வாட்டி, வா, வயித்தைக் காட்டு, என்ன தின்னிருக்க, காட்டு. ரத்தம் குடித்திருக்கவேண்டும். குடித்திருந்தால் சின்னச் சின்ன வட்டமாக உள்ளே அடுக்கியிருக்கும், இலேசான பச்சை தட்டும். அது கெட்டது. குடல் சுவரை அரித்துத் துளை போட்டு, அங்கிருந்து ஈரலுக்குப் போய்க் குடியேறும். குடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் மற்றது. அதே முகம், அதே நடை, கூடப் பிறந்தது மாதிரி அதே உட்கரு, ஆனால் ஒரு தீங்கும் செய்யாது, குடலில் கிடக்கிற எச்சில் பாக்டீரியாவைத் தின்றுவிட்டுத் தன்பாட்டுக்குக் கிடக்கும்.

பாளையங்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் ஒரு வாத்தியார் இதைச் சொன்னார். "பத்துப் பேர் வயித்துல இது இருந்தா ஒன்பது பேர் வயித்துல இருக்கது சாது. கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. ரத்தம் குடிச்சிருந்தா மட்டும் இன்னதுன்னு சொல்லலாம்." எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், மத்தியானம் பிரியாணி தின்றார்கள், ஊருக்கு வந்தார்கள். எப்சிபா லேப் முதலாளி டாக்டரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "சாதுன்னு எழுதிக் குடுத்து நாளைக்கு ஒருத்தன் செத்தான்னா நீயா பதில் சொல்லுவ? சீல் இருக்குல்லா, குத்து." சீல் இருக்கிறது. விரல் நீளத்துக்கு ரப்பர் சீல், ஆங்கிலத்தில் கெட்டதின் பெயர் மட்டும், கீழே உணவு கையாளத் தகுதியில்லை என்று ஒரு வரி. சாதுவின் பெயருக்குச் சீல் செய்யவில்லை. டாக்டர் திங்கள்கிழமை வந்து ஒரு வாரத்துக்கான வெற்றுத் தாள்களில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விடுவார், மிச்சத்தை எப்சிபா பார்த்துக்கொள்வாள். அமீபா சுருண்டு வட்டக் கூடானதில் நாலு உட்கரு தெரிந்தால் சீல். ஒரு டப்பாவுக்கு அரை நிமிடம். இன்றைக்கும் சீலை எடுத்துக் குத்தினால் போதும், பொய்கூட இல்லை, வழக்கம். வழக்கத்தைச் செய்கிறவளைக் கர்த்தர் எந்தக் கணக்கில் கேட்பார். ஆனால் எப்சிபாவுக்கு அது போதாது. மைனிக்கு வழக்கமாகக் குத்த மனசில்லை. உண்மையாகவே கெட்டதாக இருக்கவேண்டும், ரத்தம் குடித்ததாக இருக்கவேண்டும், அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுக் குத்தவேண்டும். ஆகவே தேடினாள். இடமிருந்து வலம், ஒரு வரி கீழே, வலமிருந்து இடம், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல. ஒன்று, இரண்டு, ஐந்து, எல்லாம் நடக்கின்றன, எதன் வயிற்றிலும் ரத்தமில்லை. இன்னொரு சில்லு போட்டாள். சனியன், ஒன்றாவது குடித்திருக்கக் கூடாதா.

கோயில் அசனம் அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான். ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், பெண்கள் எல்லோரும் கத்தரிக்காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எப்சிபா கல்யாணமாகி வந்த முதல் வருடம். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் அரிவாள்மனையில் உட்கார்ந்தாள், அந்தக் கூட்டத்தில் அவள் கையைவிடச் சுத்தமான கை பாதிரியார் பெண்சாதி ஐயரம்மாவுக்குக்கூட இருந்திருக்காது. மைனி அடுப்படிப் பக்கமிருந்து வந்தாள். "ஏட்டி, எந்தி. பீ நோண்டுத கையி ஊருச் சோத்துல பட வேண்டாம்" என்றாள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். காதோடு சொல்லியிருக்கலாம். அரிவாள்மனைகள் எல்லாம் ஒரு நொடி நின்றன, பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் கத்தரிக்காய் மறுபடியும் நறுக்கப்பட்டது, ஐயரம்மா வெங்காயத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐசக் ஆம்பளைகளோடு நின்று சிரித்தான். கேட்டுச் சிரித்தானா கேட்காமல் சிரித்தானா என்று பதினாறு வருடமாக அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்மசுக்கு முறுக்கு மாவு பிசைய விடவில்லை, மைனி வீட்டில் அவளுக்கென்று ஒரு தனித் தம்ளர் ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். போகட்டும், தம்ளர் என்ன தம்ளர். இரண்டாவது பிள்ளையும் மூன்றாம் மாதத்தில் கரைந்து போனதே, அன்றைக்கு. மைனி வந்தாள். ரத்தம் ஊறிய விரிப்பையும் பாவாடையையும் அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கல்லில் போட்டுக் கும்மினாள், தண்ணீர் சிவப்பாக ஓடி வாழைமூட்டுக்குப் போனது, கட்டிலிலிருந்து பார்க்க முடிந்தது. வெள்ளைப்பூண்டு போட்டுக் கஞ்சி காய்ச்சி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அதே மைனி மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரியிடம் சொன்னாள், "அந்தக் கையோட வீட்டுக்கு வந்தா வயித்துல என்னத்தத் தங்கும்." சத்தமாகவே சொன்னாள். கஞ்சிச் சட்டி இன்னும் கட்டிலுக்கடியில் இருந்தது. இதுதான் முள். வெறுமனே கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எந்த மைனி நிஜம், விரிப்பைக் கும்மியவளா, மதிலில் சாய்ந்தவளா. அதைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு, அதை எப்சிபா யாரிடமும் சொன்னதில்லை. மைனி சொன்னது ஒருவேளை சரியோ. கையில் எதுவோ ஒட்டிக்கொண்டு வந்து வயிற்றுக்குள் போய்ப் பிள்ளையைத் தின்றதோ. தோல் உரிகிற மட்டும் கையைக் கழுவினாள். மூன்று நாள் தன்னுடையதையே வேறு பெயர் போட்டுக் கொண்டுவந்து இதே மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை நம்ப முடியவில்லை. இந்த லேபில் ஒன்றுமில்லை என்று எப்படி எழுதுவார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

ஒரு லாரி டிரைவருக்கும் ஒன்றுமில்லை என்றுதான் எழுதினாள். சனிக்கிழமை, கூட்டம், அரை நிமிடம்கூட இல்லை. ஒரு மாதம் கழித்து அவன் பெண்சாதி வேறு ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். ஈரலில் கட்டி பழுத்து உடைந்து, ஊசி போட்டு உறிஞ்சியபோது சாக்லேட் கரைசல் மாதிரி வந்ததாம், நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டதாம், ஆள் இல்லை. "அக்கா, நீங்க நல்லாருக்குன்னுதானே எழுதிருந்தீங்க" என்று மட்டும் கேட்டாள், சண்டைகூடப் போடவில்லை. இன்னொரு பக்கம் பரோட்டா மாஸ்டர் சேர்மக்கனி. அவனுக்கு நாலு உட்கரு, குத்தினாள் சீல். "எக்கா, எனக்கு வயித்துல ஒண்ணுமே செய்யலியே எக்கா, கல்லத் தின்னாலும் செமிக்குதே" என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். வாயெல்லாம் இரும்பாகக் கசக்கிற மாத்திரை தின்றான், கடைக்காரன் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டான். கல்லில் கைவீச்சும் தாளமுமாக நின்றவன் இப்போது பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், போகும்போதும் வரும்போதும் எப்சிபாவைப் பார்த்து "நல்லாருக்கியளா எக்கா" என்று கேட்கிறான். அவன் வயிற்றில் இருந்தது சாதுவாகத்தான் இருந்திருக்கும். பத்துக்கு ஒன்பது. இருபது வருடத்தில் எத்தனை பேர் என்று நினைக்கப் போனாள், நினைப்பு வழுக்கியது. இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள். மைனியின் டப்பாவோடு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் மைனிதான். வேண்டியவர்களுக்கு அரை நிமிடம், வேண்டாதவளுக்கு நாற்பது நிமிடம். வெறுப்பு அவளை நல்ல லேப்காரியாக்கிவிட்டது. அயோடின் விட்டு இன்னொரு சில்லு பார்த்தாள். பழுப்பு வட்டங்கள், உள்ளே ஒன்று இரண்டு மூன்று நாலு உட்கரு. ஏழு சில்லு போட்டாகிவிட்டது, ரத்தம் குடித்தது ஒன்றுகூட இல்லை. மைனிக்கு வயிற்று வலி இல்லை, சீதம் இல்லை, ரத்தம் போகவில்லை, காலையில் பயத்தில் கொஞ்சம் இளகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சாதுவாகத்தான் இருக்கவேண்டும். எப்சிபா நிமிர்ந்தாள். கழுத்து மளுக்கென்றது. கல்லில் விரிப்பு கும்முகிற சத்தம் எங்கிருந்தோ கேட்டது. உண்மையில் அது பக்கத்து டீக்கடையில் இஞ்சி தட்டுகிற சத்தம்.

டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தாள். சீலைத் தொடவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாகப் பேனாவால் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள், ஒவ்வொரு எழுத்தையும் உட்காரவைத்து எழுதினாள். அமீபா உண்டு, இரண்டு வகையில் எதுவென்று கண்ணால் சொல்ல இயலாது, ஏழு சில்லுகள் பார்த்ததில் ரத்த அணு விழுங்கியது ஒன்றுமில்லை, நோய்க்குறி இல்லை, தீங்கற்ற வகையாகவே தெரிகிறது, கை கழுவும் சுத்தத்தோடு சமையல் செய்யத் தடையில்லை. எல்லாம் ஆங்கிலத்தில், ஏழு வரி. எழுதி முடித்தபோது மனசு கழுவிவிட்ட தளம் மாதிரி இருந்தது. சேர்மக்கனிக்கு இந்த ஏழு வரி எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும். இனிமேல் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதவேண்டும் என்று நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மைனி, இந்தாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

மைனி எழுந்தாள். வாங்க நீண்ட கை பாதியில் நின்றது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அந்தத் துணியால் காகிதத்தின் மூலையைப் பிடித்து வாங்கினாள்.

"கையக் கழுவினியாட்டி?"

"கழுவிட்டேன் மைனி."

மைனி காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதென்ன, கையால கிறுக்கி வச்சிருக்க? சீல் எங்க?"

"சீல் வேண்டாம் மைனி. டாக்டர் கையெழுத்து இருக்குல்லா, அதுவே போதும். வார்டன் வாசிச்சுப் பாத்தாப் புரிஞ்சுக்கிடுவாங்க."

"எல்லாவளுக்கும் நீளமா சீல் குத்திக் குடுக்க, நான் பாத்திருக்கேன். எனக்குன்னா மட்டும் இப்படிக் குடுப்பியா? சீல் இல்லாத காயிதத்த அந்த வார்டன் மூஞ்சில விட்டெறியும். அதானே உனக்கு வேணும்? நான் வேல இல்லாம அலையணும், அதானே?"

"அப்படி இல்ல மைனி. நான் உங்களுக்காகத்தான்..."

பெஞ்சில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் தாயும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அசனத்தில் அரிவாள்மனைகள் நின்றதுபோல ஒரு நொடி எல்லாம் நின்றது.

"பீ நோண்டுத கையால எழுதினத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள் மைனி. "சீலக் குத்திக் குடுட்டி."

அந்தப் பெண்ணின் தாய் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். எப்சிபாவுக்கு ஆச்சரியமாக இருந்தது, கோபமே வரவில்லை. அவ்வளவு குளிர்ச்சி. சொல்லிவிடலாம், சீல் என்ன சொல்லும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், மைனி அது உங்களுக்கு ஆகாத சீல் என்று. நாக்கு வரைக்கும் வந்தது. முந்தானை சுற்றிய அந்த விரலைப் பார்த்தாள். வந்தது திரும்பிப் போய்விட்டது.

"சரி மைனி, குடுங்க. குத்தித் தாறேன்."

உள்ளே போய் ஏழு வரித் தாளை இரண்டாகக் கிழித்து, டப்பாக்கள் கிடக்கிற சிவப்பு வாளியில் போட்டாள். இன்னொரு கையெழுத்துத் தாளை எடுத்தாள். பெயர் ஞானப்பூ, வயது ஐம்பத்து மூன்று. மை பேடைத் திறந்து, சீலை அழுத்தி ஒற்றி, கோணாமல், நடுவில், நேராகக் குத்தினாள். நீலம் நன்றாகப் பிடித்திருந்தது. வரட்டும். பன்னிரண்டு மணிக்கு விடுதியில் வேலை இல்லையென்று திரும்பி, மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வரட்டும். மூன்று வேளையும் இந்தக் கையால் பிசைந்து, இந்தக் கையால் அள்ளி, இந்தக் கையால் தட்டில் வைப்பாள் எப்சிபா. வேறெங்கே போய்த் தின்பாள்.

மைனி வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஆங், இது காயிதம்."

"விடுதில ஒத்துவரலன்னா நம்ம வீடு இருக்கு மைனி. யோசிக்காம வந்துருங்க. நான் பொங்கிப் போடுதேன்."

"உன் கையாலயா?" என்று சிரித்தாள் மைனி. "அதுக்கு நான் பட்டினி கெடப்பேன்."

ஈர மை கலைந்துவிடக் கூடாதே என்று காகிதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, வாயைக் குவித்து, பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுவதுபோல ஊதினாள். ஊதிக்கொண்டே படியிறங்கி வெயிலுக்குள் போனாள்.

எப்சிபா உள்ளே வந்து அடுத்த டப்பாவை எடுத்தாள். மூடியில் ஒட்டியிருந்த பெயரைக்கூட வாசிக்கவில்லை. ஒரு சில்லு போட்டு அரை நிமிடம் பார்த்தாள். நாலு உட்கரு தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மை பேடு இன்னும் மூடாமல் கிடந்தது.